எஃப் எழுத்துக்கு ஆள் இல்லை

முதல் தவறு என்னுடையது.

கணவாய்க்கு அப்பால் ஒற்றை அறைச் சுகாதார நிலையம்,
அதில் மருத்துவச்சி கன்ஷாயிம்.
கணினியை மேசையோடு திருகி
மாவட்ட முத்திரை ஒட்டியிருக்கிறார்கள்,
அசைக்க மூன்று கையெழுத்து வேண்டும்.
விண்டோஸ் செத்துவிட்டது.
"லினக்ஸ் போட்டால் எழுந்துவிடுமாமே?"
தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று கேட்டாள்.
அந்த ஊரில் அலைபேசிக்கு மூச்சு வருவது
அந்த ஒரு மேட்டில்தான்.

நாரின் சந்தையில் பூட்டுக்கடைக்கும்
கம்பளிக் காலுறைக்காரிக்கும் இடுக்கில் என் கடை.
ஒரு பென்டிரைவில் பதிந்து
மினிபஸ் தொக்தோசுனிடம் கொடுத்தேன்.
அவன் அதைத் தொப்பி மடிப்பில் செருகிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்துச் செய்தி:
"எந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று கேட்கிறது.
இங்கே இருப்பது ஒன்றே ஒன்று,
கைகழுவும் இடத்தில், ரசம் போனது."

தலையில் அடித்துக்கொண்டேன்.
நான் அனுப்பியது வெறும் வாசற்படி.
சுவரையும் கூரையையும்
இணையத்திலிருந்து இழுத்துக்கொள் என்கிற வகை.
கம்பியே போகாத ஊருக்கு அதை அனுப்பியவன்
பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன்.

மறுபடி தொப்பி, மறுபடி கணவாய்.
இந்த முறை வீடு முழுவதும் போனது.
எந்தச் சாவியை அழுத்த, எங்கே அழுத்தக் கூடாது,
"வட்டை அழிக்கவா என்று கேட்டால்
பயப்படாமல் ஆம் சொல்" என்று
இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.
அவள் பயப்படவில்லை.
தலைகீழாய் வரும் குழந்தையைத் திருப்பியவள்
ஒரு வட்டுக்கா பயப்படுவாள்?

பிறகு அச்சுப்பொறி.
அதற்கு ஒரு பொதி வேண்டும்.
அந்தப் பொதிக்கு இன்னொன்று,
இன்னொன்றுக்குத் துணையாய் ஏழு.
மாப்பிள்ளையை மட்டும் அழைத்தால்
ஒன்றுவிட்ட சித்தப்பாவும் வந்தால்தான்
பந்தியில் உட்காருவேன் என்கிற கதை.
திரையில் வந்ததையெல்லாம்
தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி
மேடேறி வாசிப்பாள்.
நான் இறக்கி, நகலெடுத்து, தொப்பியில் வைப்பேன்.
மூன்று தடவை.
தொக்தோசுன் கூலி கேட்கவில்லை;
"இதில் என்னதான் போகிறது, கனமே இல்லையே"
என்று மட்டும் கேட்டான்.

கடைசிப் பொதி பாதியில் நின்றது.
வழியில் சிதைந்ததா என்று பார்க்க
அறுபத்து நான்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.
காற்று அவள் குரலைப் பிய்த்துப் பிய்த்துத் தந்தது.
பியா, டியா, ஈயா? எனக்குப் புரியவில்லை.
அப்போது அவளே ஒரு வழி கண்டாள்,
இந்த ஆண்டு தான் பிரசவம் பார்த்தவர்களை வைத்து:
"நான்கு, ஆய்தர், ஒன்பது, ஒன்பது, பெர்மெத்,
சைகால், பூஜ்யம், தஸ்தான், எல்நூரா, எல்நூரா,
அவள் இரட்டையில் மூத்தவள், எழுதிக்கொள்..."
எஃப் வந்தபோது நிறுத்தினாள்.
"இந்த எழுத்துக்கு எங்கள் ஊரில் ஆள் பிறக்கவில்லை."
"சரி, ஆளில்லாதது என்றே சொல்" என்றேன்.

ஐம்பத்தோராவது இடத்தில்
என் தாளில் ஏழு.
அவள் தாளில் தஸ்தான்.

புதுப் பொதி போனது.
அச்சுப்பொறி கனைத்து, ஒரு தாளைக் கடித்து,
அடுத்ததை ஒழுங்காகத் துப்பியது.
நாற்பத்தொரு குழந்தைகளின் பட்டியல்.
எல்லோரும் பிறந்தது
ஒரே நாளில், ஜனவரி ஒன்றில்.

பலகையில் காசளவு மின்கலம் தீர்ந்திருக்கிறது.
நிறுத்திய இரவெல்லாம் கணினி
காலத்தை மறந்துவிடுகிறது.
இணையம் இருந்தால் யாரையாவது கேட்டுக்கொள்ளும்.
மின்கலத்தைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.
நேற்று கணவாயை மூடிவிட்டார்கள், பனி.
தொக்தோசுன் சக்கரங்களைக் கழற்றி
உள்ளே வைத்துவிட்டானாம்.

மூடுமுன் அவளிடம் ஒரு வரி சொல்லி வைத்தேன்.
காலையில் அடுப்பு மூட்டி,
வானொலியின் ஆறாவது பீப்புக்குக் காத்திருந்து,
விரல் என்டர்மேல் நிற்க,
கன்ஷாயிம் இன்றைய தேதியைக்
கையால் ஊட்டுகிறாள்.
ஏப்ரல் வரைக்கும்.